தண்ணீர் ஊற்றினாற் கொதிக்கும் குடுவை



நீர் எத்தனை பாகையிற் கொதிக்கும் என எந்த மாணவனைக் கேட்டாலும், நூறு என்ற விடை உடனே வரும். விடை பிழையன்று, முழுமையும் அன்று. கொழும்பில் 100 பாகை செல்சியஸிற் கொதிக்கும் நீர், ஏறக்குறைய 1,870 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவில் 94 பாகையளவிலேயே கொதித்துவிடுகின்றது. அங்கே பருப்பு வேகச் சுணங்குவதன் காரணமும் அதுவே.

இதனை வகுப்பறையில் விளக்கப் பழைய பரிசோதனை ஒன்று உண்டு. வெப்பந்தாங்கும் கண்ணாடியாலான, உருண்டை அடியுள்ள குடுவையிற் பாதியளவு நீர் விட்டு, வாயைத் திறந்தபடியே சில நிமிடங்கள் நன்கு கொதிக்கவிட வேண்டும். எழும் நீராவி உள்ளிருந்த காற்றை வெளியே தள்ளிவிடும். பின்னர்ச் சுடரை அகற்றி, கொதிப்பு அடங்கியதும் இறப்பர் அடைப்பானால் இறுக மூடி, கவிழ்த்துத் தாங்கியிற் பொருத்துக. இனி அதன்மேற் குளிர்ந்த நீரை ஊற்றினால், அடங்கிய நீர் மீண்டும் குமிழியெழுப்பிக் கொதிக்கும். கொதிநீரை ஊற்றினாலோ கொதிப்பு நின்றுவிடும்!

ஊற்றுவதற்கு முன்னர், என்ன நிகழும் என மாணவரிடம் ஆசிரியர் கேட்டேயாக வேண்டும். கேளாமற் செய்தால் அது செப்படி வித்தையாகவே முடியும்.

மூடிய குடுவையில் நீர் அசைவற்றது போலத் தோன்றும். உண்மையிற் கணந்தோறும் மூலக்கூறுகள் நீரை விட்டு ஆவியாகின்றன. ஆவியிலிருந்து நீருக்குத் திரும்பவும் செய்கின்றன. இவ்விரண்டும் ஒத்த வேகத்தில் நிகழும் நிலையையே சமநிலை என்கின்றோம். திருவிழாவன்று கோவிலின் ஒரு வாயிலாற் புகுவோரும் மறுவாயிலால் வெளியேறுவோரும் ஒரே தொகையினராயின், உள்ளே நிற்கும் கூட்டம் குறையாதன்றோ? அதுபோன்றதே இதுவும். குளிர்நீர் பட்டதும் ஆவி ஒடுங்குகின்றது. அதனை ஈடுசெய்யக் காற்று உள்ளே இல்லை. எனவே அமுக்கம் சடுதியாக வீழ்கின்றது. 60 பாகையில் நீரின் ஆவியமுக்கம் வளிமண்டல அமுக்கத்தில் ஐந்திலொரு பங்கு மாத்திரமே. குடுவையின் அமுக்கம் அதற்குக் கீழிறங்கினால், 60 பாகை நீரும் கொதித்தே தீரும்.

தட்டை அடியுள்ள குடுவையோ கீறல் விழுந்ததோ இதற்கு ஆகாது. வெளியமுக்கம் அதனை நொறுக்கிவிடக்கூடும். மூடிய குடுவையைச் சுடரிற் காட்டுதல் பேராபத்து. அருகே நிற்போர் யாவரும் கண்களுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி அணிந்திருத்தல் வேண்டும். நீருக்குப் பதிலாகப் பனிக்கட்டியைக் குடுவையின் மேல் வைத்துப் பார்த்தால், கொதிப்பு இன்னும் நெடுநேரம் நீடிக்கும்.