கோழி வறுவலுக்குப் புளியும் வெல்லமும்

ஞாயிற்றுக்கிழமை கோழி பொரிக்கிறீர்களா? தொட்டுக்கொள்ள பாட்டில் சாஸ் எதற்கு? புளியும் வெல்லமும் வீட்டிலேயே இருக்கின்றனவே!

எலுமிச்சை அளவு புளி, ஏறக்குறைய 30 கிராம். ஒரு டம்ளர் வெந்நீரில் ஊறவைத்து, கெட்டியாகக் கரைத்து வடிகட்டுங்கள். பச்சை வாசனை போகக் கொதித்ததும் நசுக்கிய இஞ்சி, பூண்டு, மிளகாய்த்தூள், உப்பு. பிறகு 75 கிராம் வெல்லம். அதில் மண் இருக்கும், தனியே கரைத்து வடிகட்டித்தான் ஊற்ற வேண்டும்.

வினிகர் சேர்த்த சாஸ் என்றால், கொதிக்கும்போது அதன் அமிலத்தில் ஒரு பகுதி ஆவியோடு போய்விடும். புளியில் இருக்கும் டார்டாரிக் அமிலம் அப்படிப் போகாது. நீர் வற்ற வற்றப் புளிப்பு ஏறும். அதனால் இறக்கும் நேரத்தில் ருசி பார்த்து, வேண்டுமானால் வெல்லம் கூட்டுங்கள். ஈயம் பூசாத பித்தளைப் பாத்திரம் மட்டும் கூடவே கூடாது, புளி அதை அரிக்கும்.

கரண்டியின் முதுகில் ஒட்டி நின்றால் அதுதான் பதம். அடுப்பை அணைத்துவிடுங்கள், ஆறினால் இன்னும் இறுகும். என்னைக் கேட்டால், இஞ்சி கொஞ்சம் தூக்கலாக இருக்க வேண்டும். கோழி மேல் ஊற்றாதீர்கள், மொறுமொறுப்பு போய்விடும். கிண்ணத்தில் தனியாக வையுங்கள், குழந்தைகள் தொட்டுச் சாப்பிடட்டும்.