செவி திறந்தால் நா பேசும்

(பங்கின் பொன்விழாவையொட்டி நடைபெற்ற பெற்றோர் கூட்டத்தில் பங்குத்தந்தை ஆற்றிய உரை)



விழா மேடையில் பெரிய பொருள்களைப் பற்றிப் பேசுவதே வழக்கம். நாம் இன்று எடுத்துக்கொண்டிருப்பதோ நம் வீட்டின் மிகச் சிறியவர்களைப் பற்றிய பொருள். குழந்தை எவ்வாறு பேசக் கற்கிறது? அதில் வீட்டாரின் கடமை என்ன?

திருமுழுக்கின்போது நடைபெறும் ஒரு சிறு சடங்கை நீங்கள் கவனித்திருப்பீர்கள். குரு முதலில் குழந்தையின் காதுகளையும், பிறகு அதன் வாயையும் தொடுகிறார். மாற்கு நற்செய்தி ஏழாம் அதிகாரத்தில் வரும் புதுமையிலும் இதே வரிசைதான்: முதலில் செவி திறக்கிறது, பின்பு நாவின் கட்டு அவிழ்கிறது. மருத்துவர்கள் சொல்வதும் இதுவே. தாய் வயிற்றில் ஆறேழு மாதத்திலேயே சிசுவின் காதில் ஓசை விழத் தொடங்குகிறது. பிறந்த சில நாட்களில் அது தாயின் குரலை இனங்கண்டுகொள்கிறது. ஆறேழு மாதத்தில் 'பாபா', 'தாதா' என்று அடுக்குகிறது. ஓராண்டு நிறைவையொட்டி முதற்சொல் வருகிறது. இரண்டு வயதில் 'அம்மா வா' என இரு சொற்களைச் சேர்க்கிறது. குழந்தைக்குக் குழந்தை கொஞ்சம் முன்பின் ஆகலாம். ஆனால் காதில் விழாத சொல் வாயில் வராது.

எனவே முதற் கடமை, குழந்தையோடு பேசுவது. 'அதற்கு என்ன புரியும்?' என்று வாளாவிருந்துவிடாதீர்கள். குளிப்பாட்டும்போது தண்ணீரைப் பற்றிச் சொல்லுங்கள். சோறு ஊட்டும்போது சோற்றைப் பற்றிச் சொல்லுங்கள். சொல்லிவிட்டுச் சற்றுப் பொறுங்கள். அது 'ங்கா' என்றால், அதுதான் அதன் பதில். நீங்களும் மறுபதில் கொடுங்கள். சற்று வளர்ந்த பிள்ளை 'மாடு' என்றால், 'ஆமாம், வெள்ளை மாடு, புல் தின்னுது' என்று ஒரு சொல்லை நான்காக்கித் திருப்பித் தாருங்கள். தப்பாகச் சொன்னால் அதட்ட வேண்டாம். சரியான சொல்லை நீங்கள் சொல்லிக் காட்டினால் போதும்.

இது நமக்குப் புதிதல்ல. பிள்ளைத்தமிழ் நூல்களில் தாலப் பருவம், சப்பாணிப் பருவம், அம்புலிப் பருவம் என்று வைத்தார்கள் நம் முன்னோர். தாலாட்டுவதும், கைகொட்ட வைப்பதும், நிலாவை அழைத்துக் காட்டுவதும் குழந்தையோடு உரையாடுவதுதானே! நம் ஊரில் காட்டுவதற்குப் பொருளா இல்லை? 14 கிலோமீட்டர் மலைசுற்றும் பாதையும், மாடவீதித் தேரும், பூக்கடையும், ஆடும், குரங்கும் இருக்கின்றன. தோளில் சுமந்து போகும்போது ஒவ்வொன்றையும் பெயர் சொல்லிக் காட்டுங்கள். பிழைப்புக்காகப் பெற்றோர் வெளியூர் சென்றிருக்கும் வீடுகளில் பாட்டியின் வாய்தான் குழந்தைக்கு முதற் பள்ளிக்கூடம்.

எந்த மொழியில் பேசுவது? உங்கள் வாயில் இயல்பாக வரும் மொழியில்தான். தமிழோ தெலுங்கோ உருதுவோ, எதுவாயினும் சரி. கான்வென்ட் சேர்க்கையை எண்ணி, 'கம், சிட், ஈட்' என்று மூன்று ஆங்கிலச் சொற்களோடு நாளை ஓட்டுகிற வீடுகளைப் பார்க்கிறோம். தாய்மொழியில் கதை கேட்டு வளர்ந்த பிள்ளைக்குப் பின்னால் ஆங்கிலமும் வரும்.

அடுத்து கைபேசி. அது ஓயாமல் பேசுகிறது. ஆனால் குழந்தையின் பதிலுக்குக் காத்திருப்பதில்லை. ஓராண்டு நிறையாத குழந்தைக்குத் திரையே வேண்டாம், இரண்டு முதல் நான்கு வயதுவரை நாளுக்கு ஒரு மணி நேரத்திற்கு மேல் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 2019-ஆம் ஆண்டில் அறிவுறுத்தியது.

இனி, நம் மனதை மிகவும் வருத்தும் ஒன்றைச் சொல்ல வேண்டும். பேச்சு வராத குழந்தையைக் கோயில், தர்கா, ஆலயம் என்று தூக்கித் திரிகிறார்கள். நம்மிடமும் கொண்டு வருகிறார்கள். தலைமேல் கைவைத்துச் செபிக்கிறோம். பிறகு, 'காதைப் பரிசோதித்தீர்களா?' என்று கேட்கிறோம். பெரும்பாலும் இல்லை. 'ஆண்பிள்ளை மெதுவாய்த்தான் பேசும்' என்பார்கள். 'மேளச் சத்தத்துக்குத் திரும்புகிறானே' என்பார்கள். மேளம் கேட்கும் காதுக்குப் பேச்சொலி கேட்காமல் இருக்கலாம் அல்லவா? குமரகுருபரர் ஐந்து வயதுவரை பேசாதிருந்து திருச்செந்தூரில் வாய் திறந்தார் என்பது மரபுவழி வரும் செய்தி. அதைப் போற்றுவோம், ஆனால் அதைக் காட்டி ஐந்து வயதுவரை காத்திருக்கலாகாது. நாவில் வசம்பு தேய்ப்பதாலும் பேச்சு வராது.

ஒரு வயதில் பெயர் சொல்லி அழைத்தும் திரும்பாத குழந்தை, ஒன்றரை வயதாகியும் ஒரு சொல்லும் சொல்லாத குழந்தை, இரண்டு வயதாகியும் இரு சொற்களைச் சேர்க்காத குழந்தை, முன்பு பேசிய சொற்களை இழந்துவிட்ட குழந்தை, இவர்களை உடனே மருத்துவரிடம் காட்டுங்கள். பிறந்த சிசுவுக்குங்கூட வலியில்லாமல் காதைச் சோதிக்க இயலும். 2013-இல் தொடங்கிய தேசிய சிறார் நலத்திட்டத்தின் கீழ் இத்தகைய குழந்தைகளுக்காக மாவட்டந்தோறும் மையங்கள் ஏற்பட்டன. நம் ஊர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் விசாரியுங்கள். காதுக்குள் கருவி பொருத்தும் சிகிச்சையை ஆறு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டம் ஏற்கிறது. வயது ஏற ஏற, பயன் குறைகிறது என்பதை நினைவில் வையுங்கள்.

சென்னையில் 1969-இல் தொடங்கிய பால வித்யாலயா பள்ளியைப் பற்றியும் அறிந்துகொள்ளுங்கள். செவிகேளாத இளங்குழந்தைகளுக்கான அப்பள்ளியில் தாயும் உடன் அமர்ந்து கற்கிறார். ஆசிரியை சில மணி நேரமே பிள்ளையோடு இருப்பார். எஞ்சிய பொழுதெல்லாம் பேச்சுக் கற்பிக்கிறவர் வீட்டிலிருக்கும் தாய் அல்லவா? அங்கே பயின்ற பிள்ளைகள் பலர் பிறகு மற்றப் பிள்ளைகளோடு சாதாரணப் பள்ளிகளில் சேர்ந்து படித்திருக்கிறார்கள். காது கேளாத குழந்தைக்கே வீட்டுப் பேச்சு இவ்வளவு செய்யுமென்றால், கேட்கும் குழந்தைக்கு எவ்வளவு செய்யும்!

தாய்மார்களே, தந்தையர்களே! பேச்சு வளர்க்கக் காசு வேண்டாம். நாள்தோறும் சிறிது நேரமும், பொறுமையும், ஒரு மடியும் போதும். இன்றிரவே தொடங்குங்கள். சந்தேகம் தோன்றினால் நாளைக்கே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். துணைக்கு ஆள் வேண்டுமென்றால் பங்கு இல்லத்தின் கதவைத் தட்டுங்கள். எச்சமயத்தாராயினும் உடன் வருவதற்கு ஆள் அனுப்புவோம்.

உங்கள் இல்லங்களில் மழலை ஒலிப்பதாக!