நள்ளிரவில் ஒரு வினா



போர்ட் பிளேர் என்று நெடுங்காலம் வழங்கி, 2024-இல் ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் மாறிய அந்தமான் தலைநகரில், டெய்ரி ஃபார்ம் என்பது ஒரு குடியிருப்பு. அங்கே மழை இரவுகள் மிக நீண்டவை. தமிழ்நாட்டில் கத்திரி வெயில் எரிக்கும் மே மாதத்திலேயே இத்தீவுகளில் தென்மேற்குப் பருவமழை இறங்கிவிடும்; அது ஓய்ந்த சுவட்டில் வடகிழக்கு மழை தொடங்கும். தகரக் கூரைமீது அது கொட்டும் ஒலியில் உறக்கமின்றிக் கிடப்பவனுக்கு ஊர் நினைவு வருவது இயல்பு. சென்னைக்குக் கப்பலில் ஏறினால் ஏறத்தாழ மூன்று நாட்பயணம். பிற மாநிலங்களில் வாழும் நேயர்களுக்கு இத்தகைய இரவுகளைப் பற்றி நாம் விளக்க வேண்டுவதில்லை.

இயற்கை மனப்புண்ணை ஆற்றும் என்பது இலக்கியங்கள் பலவற்றின் கூற்று. கல்லூரியில் நாம் பாடமாகப் படித்த வோர்ட்ஸ்வொர்த்து, டின்டர்ன் மடாலயத்தின் அருகிருந்து 1798-இல் பாடிய பாட்டில், ஐந்தாண்டுகளுக்கு முன் கண்ட வை ஆற்றங்கரையின் நினைவே நகரத்து இரைச்சலிடையே தமக்கு அமைதி தந்தது என்கிறார். அழகிய கருத்துத்தான். ஆயினும், வந்த புதிதில் அது நமக்குப் பயன்படவில்லை. ஊரின் வயலையும் வாய்க்காலையும் நினைக்க நினைக்க ஏக்கமே வளர்ந்தது.

துணைக்கு வந்தது குறுந்தொகை. நெய்தல் நிலத்துக்கு நம் முன்னோர் வகுத்த உரிப்பொருள் இரங்கல். கடற்கரையை அவர்கள் ஆறுதலின் இடமாகக் கொள்ளவில்லை, அழுகையின் இடமாகவே கொண்டனர். அம்மூவனார் பாடிய 163-ஆம் பாட்டில், பிரிவால் வாடும் தலைவி ஒருத்தி, நள்ளிரவிலும் ஓயாது ஒலிக்கும் கடலை நோக்கி, உன்னை இப்படி வருத்தியவர் யார் என்று கேட்கிறாள். கடல் மறுமொழி கூறவில்லை. அவள் துயர் தீர்ந்தது என்றும் புலவர் சொல்லவில்லை. ஆனால், தன் துயரையே எண்ணிக் கிடந்தவள் இன்னொன்றின் துயரை உசாவும் அளவுக்கு எழுந்திருக்கிறாள் அன்றோ? ஆறுதல் கடலில் இல்லை, அந்த வினாவில் இருக்கிறது என்பது நம் கருத்து. ஓர் இரவு, வீட்டார் உறங்கிய பின், கூரையை அண்ணாந்து பார்த்து, மழையே, உனக்கு என்ன குறை என்று மெல்லக் கேட்டும் பார்த்தோம். சிரிப்பு வந்தது, பின்னர் உறக்கமும் வந்தது.

நற்றிணையின் 172-ஆம் பாட்டு இன்னும் ஒரு படி செல்கிறது. விளையாட்டாக மணலில் அழுத்திய விதை முளைத்துப் புன்னையாகிறது. சிறுமியர் அதற்குப் பாலும் நெய்யும் பெய்து வளர்க்கின்றனர். அது உங்கள் உடன்பிறந்தாள் என்கிறாள் தாய். அதனால் அதன் நிழலில் காதலனோடு சிரித்துப் பேச நாணுகின்றனர். அதே புன்னை அந்தமான் கரைகளிலும் நிற்கிறது, தாழையும் உண்டு. முதன்முதலாக அப்புன்னையை இங்குக் கண்டபோது, அறியாத ஊரில் உறவினர் வீட்டு வாயிலில் நின்றாற்போல் இருந்தது.

உறவு என்றால் வஞ்சனையும் உண்டு. 2004 டிசம்பர் 26-ஆம் நாள் நிலநடுக்கத்தில் தென் அந்தமான் ஏறத்தாழ ஒரு மீட்டர் தாழ்ந்தது. சிப்பிகாட் பகுதியின் விளைநிலங்களில் புகுந்த உப்புநீர் பின்வாங்கவே இல்லை. நம் தெருவில் வாழும் அம்மையார் ஒருவர் அன்று தம் தங்கையைப் பறிகொடுத்தவர். பல்லாண்டுகள் கடற்பக்கம் தலைவைத்தும் பாராதிருந்தவர், இப்போது சில மாலைகளில் கரைக்குச் செல்கிறார். ஒருநாள் நாமும் உடன் சென்றோம்.

அலை காலருகே வந்தது. "இன்னும் என்னத்துக்கு இப்படிக் கத்துற? எல்லாத்தையும்தான் கொண்டுபோயிட்டியே, உனக்கு என்ன வந்தது?" என்று அதை அதட்டினார். அவர் குறுந்தொகையைக் கண்டவர் அல்லர். சிறிது நேரம் அலையைப் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு, "நேரமாச்சு தம்பி, உலை வைக்கணும்" என்று திரும்பி நடந்தார்.