மெல்லிய பின்காற்றில் பாய்மரப் படகு



காற்று முதுகுப்புறமாக வீசும்போது பாய்மரப் படகுக்கு வேலை சுலபம் என்றும், சேரவேண்டிய இடத்தை நேரே பார்த்துப் படகின் முகப்பைத் திருப்பிப் பாயை அகல விரித்துவிட்டால் மற்றதைக் காற்றே பார்த்துக்கொள்ளும் என்றும் கரையில் நிற்பவர்கள் எண்ணுவது இயல்பே. ஆயின், காற்று மெலிந்த நாளில் பந்தயப் படகுகளைக் கவனித்தால், தேர்ந்த ஓட்டிகள் இலக்குக்கு 30, 40 பாகை விலகிக் கோணலாக ஒரு பக்கம் வெகுதூரம் சென்று, பிறகு பாயை மறுபக்கம் மாற்றிக்கொண்டு அதே கோணத்தில் திரும்பி வந்து, நேர்வழியே போனவர்களுக்கு முன்னதாக இலக்கை அடைகிற விசித்திரத்தைக் காணலாம்.

அமெரிக்காவின் கிழக்குக் கரையில், கனெக்டிகட் மாநிலத்துக்கும் லாங் ஐலண்டுக்கும் இடையே அமைந்த லாங் ஐலண்ட் சவுண்ட் என்னும் நீர்ப்பரப்பு, கோடைகாலத்து மெல்லிய காற்றுக்குப் பேர்போனது. அம்மாநிலத்து ஸ்டோனிங்டன் என்னும் ஊரில் ராட் ஜான்ஸ்டன் என்பவர் தம் வீட்டுக் கார்க் கொட்டகையில் கட்டி, 1976-இல் நீரில் இறக்கிய 24 அடிப் படகு, ஜே-24 என்ற பெயரில் பிறகு உலகெங்கும் 5,000-க்கு மேல் பெருகிற்று. பின்காற்றுக்கென்றே ஸ்பின்னக்கர் என்னும் புடைத்த நைலான் பாய் ஒன்று அதற்கு உண்டு. இந்தப் படகையே நம் ஆராய்ச்சிக்கு எடுத்துக்கொள்வோம்.

காற்று மணிக்கு 6 கடல் மைல் வேகத்தில் வீசுகிறது. படகு அதன் போக்கிலேயே நேராக 3 மைல் வேகத்தில் ஓடுகிறது என்று வைத்துக்கொண்டால், பாய்க்குக் கிடைக்கும் காற்று ஆறு அல்ல, மூன்றே. காற்றோடு சைக்கிள் மிதிப்பவன் முதுகில் காற்றையே உணராததுபோல, படகும் தான் ஓடும் ஓட்டத்தினாலேயே தன் காற்றைக் குறைத்துக்கொள்கிறது. எவ்வளவு விரைவாக ஓடுகிறதோ அவ்வளவுக்குத் தன்னைத் தள்ளும் பலத்தை இழக்கிறது. அதே படகு 40 பாகை விலகி 4.2 மைல் வேகத்தில் ஓடினால், படகின் வேகமும் காற்றின் வேகமும் கலந்து, பாயின்மேல் ஏறக்குறைய 4 மைல் வேகக் காற்று, பின்னாலிருந்தன்று, பக்கவாட்டிலிருந்து வந்து படுகிறது. அப்படிப் படும் காற்று பாயைப் பின்னிருந்து வெறுமே தள்ளாமல், அதன் ஓரம்விட்டு ஓரம் தழுவி ஓடி இழுக்கத் தொடங்குகிறது. இலக்கை நோக்கிய முன்னேற்றம் மட்டும் பார்த்தால் மணிக்கு 3.2 மைல், தூரம் கூடியும், ஒரு மைலுக்கு ஒரு நிமிஷத்துக்கு மேல் லாபம்.

அப்படியானால் எவ்வளவு விலகலாம் என்ற கேள்வி எழும். 10 பாகை விலகினால் வழி நூற்றுக்கு ஒன்றரைதான் நீளும். 20 பாகைக்கு நூற்றுக்கு ஆறு, 30-க்குப் பதினைந்து, 40-க்கு முப்பது, 60 பாகை விலகினாலோ வழி இரட்டிப்பாகிவிடும். ஆகவே முதல் சில பாகைகள் ஏறக்குறைய இலவசம். அதற்கப்பால் ஒவ்வொரு பாகைக்கும் விலை ஏறிக்கொண்டே போகிறது. மேலும் ஒரு பாகை விலகுவதால் வரும் வேக லாபமும் வழி நஷ்டமும் சரிக்குச் சரியாகும் இடத்தைத்தான் தேட வேண்டும். ஆயினும் அது கூரிய முனை அன்று, தட்டையான மேடு. இரண்டு மூன்று பாகை இப்படி அப்படி ஆனாலும் பெரிதாகக் கெட்டுவிடாது.

இந்த இடத்தைக் கருவியைப் பார்த்துக் கண்டுபிடிப்பது, என் அபிப்பிராயத்தில், மெல்லிய காற்றுக்கு ஒத்துவராத வழி. பாய்மர உச்சியிலுள்ள காற்றுக்காட்டி, படகு சற்று ஆடினாலே தானும் ஆடிப் பொய் சொல்லும். ஸ்பின்னக்கரின் கயிற்றைக் கையில் பிடித்திருப்பவருக்குத் தெரிவது அதற்குத் தெரியாது. கயிறு இழுத்துப் பிடிக்கிறவரை, "பிடி இருக்கிறது" என்று அவர் சொல்ல, சுக்கானில் இருப்பவர் முகப்பை இலக்கின் பக்கமாக அங்குலம் அங்குலமாக இறக்குவார்; கயிறு தளர்ந்து "பிடி விட்டது" என்ற குரல் வந்ததும், வேகம் செத்துப்போகுமுன்னரே, மறுபடி காற்றின் பக்கம் ஏற்றுவார். முதலில் வேகம், பிறகே இறக்கம் என்பது இதில் மாறாத கிரமம். சிறு வீச்சு வந்தால் அதோடு இறங்குவதும், ஓய்ந்தால் ஏறுவதும் அதன் விரிவே. அதிகமாக ஏறிவிட்டவன் கொஞ்சம் வழியை இழக்கிறான். அதிகமாக இறங்கிவிட்டவனோ பாய் தொங்கிப்போய், படகை மறுபடி ஓடவைக்க வெகுநேரம் பிரயாசைப்பட வேண்டும். ஆதலால் சந்தேகம் வந்தால் ஏறுவதே மேல்.

மற்றவர்களுக்குச் சத்தமில்லாத வேலைகள் உண்டு. பாய் விரிந்த பக்கமாகச் சாய்ந்து உட்கார்ந்தால், காற்று பற்றாத பாயும் தன் பாரத்தினால் உருவம் கெடாமல் தொங்கும்; சற்று முன்னே நகர்ந்தால், அகன்ற பின்புறம் நீரைவிட்டு எழும்பி, நனைந்த பரப்புக் குறையும். ஒருவர் பின்னால் திரும்பி, நீர்மேல் கருத்த சிற்றலைகளாக வரும் காற்றைப் பார்த்துச் சொல்ல வேண்டும், ஏனெனில் பின்காற்றில் புதுக் காற்று முதுகுப்புறமிருந்தே வருகிறது. சுக்கானை அடிக்கடி திருப்புவது மட்டும் கூடாது. ஒவ்வொரு திருப்பமும் நீரில் ஒரு தடை.

காற்று 16, 18 மைலுக்கு வலுத்துவிட்டால் இந்தக் கணக்கு மாறிவிடும். நீர்மட்டத்தில் 20 அடி நீளமுள்ள ஜே-24, தன் அலையையே தாண்ட முடியாமல் மணிக்கு 6 மைல் அளவில் பெரும்பாலும் முட்டிக்கொண்டு நிற்பதால், விலகிப் போவதில் வேகம் கூடாது. அப்போது நேர்வழிக்கு நெருங்கி ஓடுவதே சிலாக்கியம். நீரைவிட்டே எழும்பி ஓடும் படகுக்கு அந்தத் தளையும் இல்லை. 2013-இல் சான் பிரான்சிஸ்கோவில் அமெரிக்கக் கோப்பைக்காகப் போட்டியிட்ட 72 அடி இரட்டைப் படகுகள், அடியிலுள்ள இறக்கைகளின்மேல் எழும்பி, பின்காற்றிலும் அந்தக் காற்றைப்போல் இரு மடங்குக்கு மேற்பட்ட வேகத்தில் ஓடின. பலத்த காற்றிலும் அவை இலக்கை நேரே நோக்கிப் போகவில்லை, கோணலாகவே போயின.