யார் காலில் தளை? ‘பெஸ்டர்’ என்னும் ஆங்கில வினைச்சொல் குறித்து

ஓயாமல் தொந்தரவு செய்வதைச் சொல்ல ஆங்கிலத்தில் வினைச்சொற்கள் ஏராளம். அவற்றுள் பல, மனிதன் விலங்குகளை நடத்திய விதத்திலிருந்து வந்தவை. ‘ஹவுண்ட்’ என்றால் வேட்டைநாய். துரத்தித் துரத்தி அலைக்கழிப்பதற்கும் அதுவே சொல்லாயிற்று. ‘பேட்ஜர்’ வளையில் வாழும் ஒரு விலங்கு. அதைப் பிடித்து அடைத்து, நாய்களை ஏவி வேடிக்கை பார்க்கும் வழக்கம் இங்கிலாந்தில் இருந்தது. 1835ஆம் ஆண்டுச் சட்டம் அதைத் தடை செய்தது. நச்சரிப்பவனைப் பற்றி இன்று ‘பேட்ஜர் செய்கிறான்’ என்கிறார்கள். கடித்தது நாய், பெயர் கெட்டது பேட்ஜருக்கு. ‘ஹராஸ்’ என்ற சொல்லும் நாயை ஏவும் பழைய பிரெஞ்சுக் கூச்சலிலிருந்து பிறந்திருக்கலாம் என்று அகராதிகள் சொல்கின்றன. அது இப்போது சட்டப் புத்தகங்களில் ஏறிக் கனத்த சொல்லாகிவிட்டது. இந்தக் கூட்டத்தில் மிக எளியது ‘பெஸ்டர்’. குழந்தை அம்மாவிடம் மிட்டாய் கேட்டு அனத்துவதற்கும், விற்பனையாளர் வாசலில் நின்று கெஞ்சுவதற்கும் அதைச் சாதாரணமாகச் சொல்வார்கள். சொல்பவர் குரலில் எரிச்சல் இருக்கும், கோபம் இருக்காது. அப்படி அலட்சியமாக வீசப்படும் ஒரு சொல்லை இன்றைய பேச்சுக்கு எடுத்துக்கொள்ள ஒரு காரணம் உண்டு. ஒருவர் பெஸ்டர் செய்கிறார் என்று சொல்லும்போது, அவர் எத்தனை முறை கேட்டார் என்று மட்டுமே எண்ணுகிறோம். நகர முடியாமல் நிற்பது யார் என்று பார்ப்பதில்லை. இந்த இரண்டாவது கேள்வி இல்லாமல் முதல் கேள்விக்கு நியாயமான விடை கிடைக்காது என்பதே என் வாதம். அதற்கான முதல் தடயம் சொல்லின் பிறப்பிலேயே இருக்கிறது.

குதிரையை மேய விடும்போது அது தொலைதூரம் போய்விடாதபடி காலைக் கட்டுவார்கள். நம் ஊரில் மாட்டுக்கும் கழுதைக்கும் போடும் தளை அதுதான். பிற்கால லத்தீனில் இந்தத் தளைக்கு ‘பாஸ்தோரியா’ என்று பெயர். மேய்ப்பன் என்று பொருள்படும் ‘பாஸ்தோர்’ அதன் வேர். பாதிரியாரைக் குறிக்க நாம் சொல்லும் ‘பாஸ்டர்’ இதன் நெருங்கிய உறவு. இத்தாலியில் இன்றும் தளைக்குப் ‘பாஸ்தோயா’ என்கிறார்கள். பிரெஞ்சில் இது ‘எம்பெஸ்த்ரே’ ஆகி, காலைப் பிணைத்தல், சிக்கவைத்தல் என்ற பொருளில் வழங்கியது. இன்றைய பிரெஞ்சிலும் கயிற்றிலோ பொய்யிலோ சிக்கிக்கொண்டு தடுமாறுபவரைப் பற்றி அதே சொல்லின் புதிய வடிவத்தில்தான் பேசுவார்கள். 16ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் முன்னொட்டை உதிர்த்துவிட்டு இச்சொல் ஆங்கிலத்துக்கு வந்தபோது அதற்கு எரிச்சலூட்டுதல் என்ற பொருள் தலையாயதாக இல்லை. தடைபடுத்துதல், அடைத்து நெருக்குதல் என்பவையே முன்னால் நின்றன. சரக்கு திணித்து நடமாட இடமில்லாமல் போன கப்பலைப் பற்றி அக்காலக் கடற்பயண நூல்கள் இச்சொல்லால் பேசுகின்றன. லட்லோ கோட்டையில் 1634இல் அரங்கேறிய மில்டனின் ‘கோமஸ்’ நாடகத் தொடக்கத்தில், மண்ணுலக மாந்தர் பட்டியில் அடைபட்ட ஆடுமாடு போல் நெருங்கிக் கிடப்பதைச் சொல்லவும் இதே சொல்தான். அங்கே யாரும் யாரையும் நச்சரிக்கவில்லை. இடம் போதவில்லை, அவ்வளவுதான்.

பிறகு காது குறுக்கிட்டது. கொள்ளைநோயைக் குறிக்கும் ‘பெஸ்ட்’ என்ற இன்னொரு சொல், லத்தீன் ‘பெஸ்திஸ்’ வழியாக, 16ஆம் நூற்றாண்டின் நடுவில் ஆங்கிலத்தில் நிலைபெற்றது. பயிரை அரிக்கும் பூச்சிக்கு இன்று வழங்குவதும் அதுவே. இரண்டுக்கும் உறவில்லை. ஒன்று மேய்ப்பனின் கயிறு, மற்றது நோய். ஆனால் ‘பெஸ்ட்’ போல நடந்துகொள்வதுதான் ‘பெஸ்டர்’ என்று காது முடிவு கட்டிவிட்டது. தளை மறைந்தது, பூச்சி உட்கார்ந்தது. இதைப் பிழை என்று ஒதுக்குவோர் உண்டு. நான் அவர்களோடு சேரமாட்டேன். ஒரு சொல்லை ஊரே ஒருவிதமாகக் கேட்டால் அதுவே அதன் பொருளாகிவிடுகிறது. தமிழில் பழமையைக் குறித்த ‘தொல்லை’ இன்று உபத்திரவத்தைக் குறிக்கிறது. பழைய பொருளைக் காட்டி யாரும் யாரையும் திருத்துவதில்லை. அப்படியானால் குதிரைக் கயிற்றை வைத்துக்கொண்டு இன்றைய நியாயத்தைப் பேசலாமா என்று கேட்கலாம். கேள்வி சரியானதே. வேர் ஒரு சொல்லின் இன்றைய பொருளைக் கட்டுப்படுத்தாது. ஆகவே என் வாதம் வேரின் மேல் நிற்கவில்லை. வழக்கின் மேல் நிற்கிறது. ஒருமுறை கேட்டால் அது பெஸ்டர் ஆகாது. திரும்பத் திரும்ப வர வேண்டும் என்பதை ஆங்கிலம் பேசுவோர் யாரும் சொல்லித்தராமலே அறிவர். ஒவ்வொரு முறையும் கேட்கப்படுவது அற்பமானது. தனித்து எடுத்துக் காட்டினால் குற்றமென்று எதுவும் தென்படாது. கூடிவிட்டால் அதற்கு உட்பட்டவர் வேறு வேலை பார்க்க முடியாமல், விலகவும் முடியாமல் நின்றுவிடுகிறார். ஒருவரை நச்சரித்து ஒரு காரியத்துக்குள் தள்ளிவிடுவதைக் குறிக்கும் தொடரும் ஆங்கிலத்தில் நன்றாக வழங்குகிறது. பூச்சி யாரையும் எதற்குள்ளும் தள்ளுவதில்லை, அரிப்பதோடு சரி. பெயரை மறந்த பிறகும் கயிறு வழக்கில் வேலை செய்துகொண்டுதான் இருக்கிறது.

சட்டம் இதைக் காலம் தாழ்ந்தே உணர்ந்தது. தனிச் செயலை எடை போடுவது சட்டத்துக்குப் பழகிய வேலை: அடித்தானா, திருடினானா, மிரட்டினானா? ஒருவர் வாசலில் நிற்பதும், தொலைபேசியில் அழைப்பதும், கடிதம் போடுவதும் தனித்தனியே எந்த நாட்டிலும் குற்றமில்லை. இங்கிலாந்தின் 1997ஆம் ஆண்டுத் தொந்தரவுத் தடுப்புச் சட்டம் அதனால்தான் ஒரு செயலை விட்டுவிட்டு, நடத்தையின் தொடரைக் குற்றத்தின் அலகாக எடுத்துக்கொண்டது. ஒருவருக்கு எதிராகக் குறைந்தது இரண்டு தடவை நிகழ்ந்திருந்தால்தான் அது தொடர். எண்ணிக்கைக்கு மேல் இன்னொன்றும் வேண்டியிருந்தது என்பதை 2009இல் பிரிட்டிஷ் கேஸ் என்னும் எரிவாயு நிறுவனத்தின் மேல் வந்த வழக்கு காட்டியது. அந்நிறுவனத்தின் வாடிக்கையிலிருந்து விலகிவிட்ட ஒரு பெண்ணுக்கு, அவர் கடன்படாத தொகைக்கு, மாதக்கணக்கில் பில்லும் மிரட்டல் கடிதமும் வந்துகொண்டே இருந்தன. அவர் எழுதியும் அழைத்தும் பயனில்லை. கணினி தானாக அனுப்பிய கடிதங்கள், அவர் இவற்றை அவ்வளவு பெரிதாக எடுத்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை என்று நிறுவனம் வாதிட்டது. மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. வழக்கை முளையிலேயே தள்ளிவிட மறுத்தது. யோசித்துப் பார்த்தால் நிறுவனம் சொன்ன சமாதானமே அதன் மேல் குற்றச்சாட்டு. எதிரே மனிதர் இருந்தால் ‘போதும்’ என்றாவது சொல்லலாம், கணினிக்கு அந்தக் காதும் இல்லை. அந்தப் பெண் செய்யக்கூடிய எதுவும் அந்தத் தொடரை நிறுத்தாது என்பதுதான் அங்கே தளை.

இதே அளவுகோலைக் குழந்தை விஷயத்தில் வைத்தால் விடை வேறு பக்கம் திரும்புகிறது. பிள்ளைகள் நச்சரித்துப் பெற்றோரை வாங்க வைக்கும் ஆற்றலுக்கு விளம்பரத் தொழிலில் ‘பெஸ்டர் பவர்’ என்று பெயர் உண்டு. பெயரைக் கேட்டால் ஆற்றல் பிள்ளையிடம் இருப்பது போலத் தோன்றும். பிள்ளையின் கையில் காசு இல்லை. அது கேட்க வேண்டிய பொருளையும், கேட்க வேண்டிய நேரத்தையும் வேறொருவர் தீர்மானித்திருக்கிறார். பெற்றோர் கட்டப்பட்டிருக்கிறார்கள், கட்டியவர் வீட்டுக்குள் இல்லை. கனடாவின் கியூபெக் மாகாணம் 13 வயதுக்குட்பட்டோரைக் குறிவைக்கும் வணிக விளம்பரத்தை 1980 முதல் தடுத்தது. பொம்மை நிறுவனம் ஒன்று பேச்சுரிமை கோரி வழக்காடியும் 1989இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தடையை நிலைநிறுத்தியது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2005ஆம் ஆண்டு வணிக நெறியாணையும், அதைப் பின்பற்றி 2008இல் பிரிட்டன் கொண்டுவந்த விதிகளும், வாங்கித் தரும்படி பெற்றோரை வற்புறுத்தச் சொல்லிக் குழந்தையை நேரடியாகத் தூண்டும் விளம்பரத்தை விலக்கின. இச்சட்டங்கள் எவையும் குழந்தையைக் கண்டிக்கவில்லை. குழந்தை எத்தனை முறை கேட்டது என்ற கணக்கே அங்கே எழவில்லை.

என் வாதத்துக்கு வலுவான மறுப்பு இனிமேல்தான் வருகிறது. பணமும் பதவியும் இல்லாதவனுக்கு இருக்கும் ஒரே கருவி விடாப்பிடி. அவன் விடாமல் கேட்பதைக் கயிறு என்று சொன்னால், அதிகாரத்தில் இருப்பவனுக்கு ஒரு சௌகரியமான வசவைக் கொடுத்ததாகாதா? ஆகும், சொல்லின் வரலாறே அதற்குச் சாட்சி. ‘ஹாம்லெட்’ நாடகத்தில் அரசன் கிளாடியஸ் சபையில் முதலில் பேசும் அரசியல் விவகாரமே இதுதான். தன் தந்தை இழந்த நிலங்களைத் திருப்பிக் கேட்டு இளைய ஃபார்ட்டின்பிராஸ் தூது மேல் தூது அனுப்புகிறான். அதைச் சொல்ல அரசன் எடுக்கும் சொல் ‘பெஸ்டர்’. ஒப்பந்தப்படி அந்த நிலம் டென்மார்க்குக்கு உரியது, அதை மறுப்பதற்கில்லை. ஆனாலும் அண்ணனைக் கொன்று அரியணை ஏறியவன் வாயில் அச்சொல் வருவது கவனிக்க வேண்டியது. கேட்கப்படும் பொருளைக் கையில் வைத்திருப்பவனே பெரும்பாலும் இச்சொல்லைப் பேசுகிறான், கேட்பவன் தன்னைப் பற்றி அப்படிச் சொல்லிக்கொள்வது அரிது. லூக்கா நற்செய்தியின் 18ஆம் அதிகாரத்தில் வரும் விதவை, கடவுளுக்கும் அஞ்சாத நீதிபதியிடம் போய்ப் போய் நிற்கிறாள். அவன் கடைசியில் நியாயம் வழங்குவது அறத்தால் அன்று, அலுப்பால். (கிரேக்க மூலத்தில் அவன் அந்த அலுப்பைச் சொல்லும் வினைச்சொல்லுக்கு நேர்ப்பொருள் கண்ணுக்குக் கீழே குத்துவது.) எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் அந்த விதவைக்கும் பிரிட்டிஷ் கேஸ் கணினிக்கும் வேறுபாடு காண முடியாது. தளையைத் தேடினால் உடனே தெரிகிறது. நீதிபதி முதல் நாளே தன் கடமையைச் செய்திருந்தால் அவள் இரண்டாம் நாள் வந்திருக்கமாட்டாள். அவிழ்க்கும் கை அவனுடையது. கட்டுண்டு நின்றவள் அவள்.

இந்த வேறுபாடு நம் சட்டங்களிலும் உரசிப் பார்க்கத்தக்கது. சென்னை மாகாணத்தில் 1949இல் வந்த வீண்வழக்குத் தடுப்புச் சட்டம், தகுந்த காரணமின்றி வழக்குப் போடுவதையே வழக்கமாகக் கொண்டவர் நீதிமன்ற அனுமதி பெறாமல் புது வழக்குத் தொடரக் கூடாது என்று ஆணையிட வழி செய்தது. அங்கே எதிராளி இழுபடுகிறார், வழக்கு முடிந்தாலும் அடுத்தது வருகிறது, கட்டு உண்மையானது. அச்சட்டமும் கதவை முழுக்கச் சாத்தாமல் அனுமதி என்ற இடைவெளியை விட்டிருப்பது கவனிக்கத்தக்கது. தகவல் கோருவோர் நிலை வேறு. பிரிட்டனின் 2000ஆம் ஆண்டுத் தகவல் சுதந்திரச் சட்டம், தொல்லைதரும் கோரிக்கையை மறுக்க அதிகாரிகளுக்கு 14ஆம் பிரிவில் இடம் தருகிறது. நம் 2005ஆம் ஆண்டுத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் அப்படியொரு பிரிவு இல்லை. கேட்பவர் காரணம் சொல்ல வேண்டியதும் இல்லை. ஒரே ஆள் நூற்றுக்கணக்கில் மனுப் போட்டு அலுவலகத்தை முடக்கினால் என்ன செய்வது என்ற கேள்வியைப் பொய்யென்று தள்ள முடியாது. பகை தீர்க்க மனுப் போடுவோரும் இருக்கிறார்கள். ஒரே விஷயத்துக்கு விடை கொடுத்த பின்னும் அதையே கேட்டு வரும் மனுவுக்கு முன்னால் அலுவலக எழுத்தர்தான் தளையில் நிற்பவர். பிரிட்டனைப் போல இங்கும் விலக்கு வேண்டுமென்று வாதிடுவோர் நம் சட்டத்தின் ஒரு பிரிவையும் சேர்த்துப் படிக்க வேண்டும். சட்டம் இயற்றப்பட்ட 120 நாளுக்குள், அதாவது 2005 அக்டோபருக்குள், ஒவ்வொரு பொது அதிகார அமைப்பும் தன் பணிகள், முடிவெடுக்கும் முறை, வரவு செலவு ஒதுக்கீடு, மானியம் பெறுவோர் விவரம் ஆகியவற்றை யாரும் கேட்காமலே வெளியிட வேண்டும் என்கிறது 4ஆம் பிரிவு. அப்படி வெளியிட்டிருக்க வேண்டிய விவரத்தை மனுவில் மூன்றாம் முறையாகக் கேட்பவரை எந்தப் பட்டியலில் சேர்ப்பது என்பதை விலக்கு கோருவோர்தாம் முதலில் சொல்ல வேண்டும்.