பெட்டிக்குள் பேசும் குரல்



மத்திய அலை ரேடியோவில் ராத்திரியானால் தமிழ்நாட்டு நிலையம் கேட்கிறது, பகலில் கேட்பதில்லையே, ஏன் என்று எல்கடுவைப் பக்கம் பிள்ளைகள் கேட்டார்கள். நல்ல கேள்வி.

நிலையத்திலிருந்து மின்காந்த அலை ஒன்று சீராக வெளியே போகிறது. பேசுகிறவர் குரலுக்கு ஏற்ப அதன் வலு கூடும், குறையும். அந்த ஏற்ற இறக்கத்தைத்தான் ரேடியோ பிரித்தெடுத்துச் சத்தமாக்குகிறது. மின்னல் வெட்டினால் கரகரப்பதும் இதனால்தான். பகலில் வெயில் உண்டாக்கும் ஒரு வான்படலம் அலையை விழுங்கிவிடும். இரவில் அது மறைய, மேல்படலம் அலையைத் திருப்பி அனுப்பும்.

இலங்கையில் இதற்கு வழி காட்டியவர் தந்தித் திணைக்கள என்ஜினியர் எட்வர்ட் ஹார்ப்பர். பிடிபட்ட ஜெர்மன் நீர்மூழ்கிக் கப்பலின் சாமான்களை வைத்தே ஒலிபரப்புக் கருவி செய்தார்களாம்! 1925 டிசம்பர் 16இல் கொழும்பு வானொலி தொடங்கியது. கரண்ட் இல்லாத லயங்களிலும் ரேடியோ கேட்கப் பெட்டரியில் பாடும் டிரான்சிஸ்டர் உதவியது.

மத்திய அலையில் சத்தம் குறைந்தால் ஏரியலை இழுக்க வேண்டாம், பெட்டியையே திருப்பிப் பாருங்கள். அதற்கான ஏரியல் உள்ளே இருக்கும் கறுப்புக் கட்டைதான். தகரக் கூரையின் கீழ் என்றால் ஜன்னலோரம் வையுங்கள்.

அடைமழையில் கரண்டும் போனும் செத்துப்போனால், மண்சரிவு அறிவித்தலை எப்படிக் கேட்பது? எப்.எம்.மும் உள்ள பெட்டரி ரேடியோ ஒன்று லயத்துக்கு ஒன்றாவது இருக்கட்டும். பெட்டரியைப் பிள்ளைகளின் விளையாட்டுச் சாமானுக்குக் கொடுத்துவிடாதீர்கள்.