திணிவா, நிறையா? பிள்ளைகள் கேட்கும் கேள்விகள்



ஸ்காபரோவில் மாலை வகுப்பொன்றில் பௌதிகம் சொல்லிக்கொடுப்பவன் நான். போன மாதம் ஒரு தகப்பனார் வகுப்பு முடியும்வரை வாசலில் காத்துக்கொண்டு நின்றார். ஊரில் உயர்தரத்தில் பௌதிகம் படித்தவர். இங்கே கனகாலமாக இரவு வேலை. மகள் கிரேட் 11.

"மாஸ் எண்டால் திணிவு, வெயிற் எண்டால் நிறை எண்டு விளங்கப்படுத்தினன் மாஸ்ரர். அவ கொம்பியூற்றரில பார்த்துப்போட்டு, நிறை எண்டால்தான் மாஸ், அப்பா மாறிச் சொல்லுறீங்கள் எண்டுறா. அதுக்குப் பிறகு நான் அவவின்ர புத்தகத்தைத் தொடுறேல்லை" என்றார்.

அவர் சொன்னது சரி. மகள் பார்த்ததும் சரி. இலங்கைப் பாடநூல்களில் மாஸ் என்பது திணிவு, வெயிற் என்பது நிறை. தமிழ்நாட்டுப் பாடநூல்களில் மாஸ் என்பது நிறை, வெயிற் என்பது எடை. ஒரே சொல், பாக்குநீரிணையைத் தாண்டியதும் பொருள் மாறிவிட்டது. நாங்கள் ஆர்முடுகல் என்று படித்தது அங்கே முடுக்கம். எங்கள் அமுக்கம் அங்கே அழுத்தம். சக்தி ஆற்றலாகிறது, வலு திறனாகிறது. ஆகவே பெற்றோரே, பிள்ளை தமிழ்க் காணொளி பார்த்தால் அது எந்த ஊர்த் தமிழ் என்று முதலில் கேளுங்கள். நீங்கள் படித்தது பிழைத்துப் போகவில்லை.

சரி, சொல்லை விட்டு விஷயத்துக்கு வருவோம். திணிவு 60 கிலோகிராம் உள்ள ஒரு பிள்ளையைப் பூமி 588 நியூற்றன் விசையோடு இழுக்கிறது. அந்த இழுவைதான் நிறை. சந்திரனில் அது ஏறக்குறைய ஆறில் ஒரு பங்காகிவிடும். ஆனால் திணிவு அதே 60தான். பனியில் புதைந்த காரைத் தள்ளியவர்களுக்கு இது விளங்கும். சந்திரனில் அந்தக் காரைத் தூக்குவது சுகம். ஆனால் சும்மா நிற்கும் காரை அதே வேகத்துக்குக் கொண்டுவர, உராய்வு இல்லையென்று வைத்தால், இங்கே தேவைப்படும் அதே விசைதான் அங்கேயும் தேவை.

"அப்ப கடைத் தராசில ஏன் கிலோகிராம் போட்டிருக்கு?" நல்ல கேள்வி. தராசு உணர்வது விசையை. அதை 9.8ஆல் பிரித்துத்தான் கிலோகிராமாகக் காட்டுகிறது. நிலம் அசையாமல் இருக்கும்வரை பிரச்சினை இல்லை. லிப்ற்றுக்குள் தராசு ஏமாந்துவிடும்.

எங்கள் சி.என். கோபுரத்தையே எடுங்கள். 1976இல் திறந்தது. அதன் லிப்ற் 346 மீற்றர் உயரத்துக்கு 58 செக்கனில் போகிறது, அதாவது சராசரியாகச் செக்கனுக்கு 6 மீற்றர். மேலே போகும்போது முழுநேரமும் நிறை கூடித் தெரியுமா என்று கேட்டால், வகுப்பில் பாதிப்பேர் ஓம் என்று கை உயர்த்துவார்கள். இல்லை. புறப்படும்போது, வேகம் கூடுகிற அந்தக் கொஞ்ச நேரம் மட்டும்தான். ஆர்முடுகல் 1 என்று வைத்தால், 60ஐ 10.8ஆல் பெருக்க 648 நியூற்றன்; தராசு 66 கிலோகிராம் காட்டும். பிறகு சீரான வேகத்தில் எவ்வளவு விரைவாகப் போனாலும் அதே 60. நிற்கப்போகும்போது 60க்குக் கீழே இறங்கும். மாறுவது வேகமல்ல, வேகம் மாறுகிற வீதம் என்பதைப் பிடித்தால் கிரேட் 11இல் அரைவாசி முடிந்தது.

விண்வெளி வீரர் மிதப்பது ஏன்? அங்கே ஈர்ப்பு இல்லை என்றுதான் பெரியவர்களும் சொல்வார்கள். 2013இல் சர்வதேச விண்வெளி நிலையத்துக்குத் தளபதியாக இருந்த கிறிஸ் ஹாட்ஃபீல்ட், ஒன்ராறியோ சார்ணியாவில் பிறந்தவர். அந்த நிலையம் பறப்பது ஏறத்தாழ 400 கிலோமீற்றர் உயரத்தில். ரொறன்ரோவிலிருந்து மொன்றியல் அதைவிடத் தூரம். அந்த உயரத்தில் பூமியின் இழுவை கிட்டத்தட்ட நூற்றுக்குத் தொண்ணூறு இருக்கிறது. நிலையமும் ஆளும் சேர்ந்தே விழுந்துகொண்டிருக்கிறார்கள். பக்கவாட்டு வேகத்தால் நிலத்தில் விழாமல் பூமியைச் சுற்றுகிறார்கள். கயிறு அறுந்த லிப்ற்றுக்குள் தராசு பூச்சியம் காட்டும், அதே கதைதான்.

அந்தத் தகப்பனாருக்கு ஒரு வேலை கொடுத்து அனுப்பினேன். முள் உள்ள பழைய தராசொன்றை எடுத்துக்கொண்டு, மகளோடு தங்கள் அடுக்குமாடி லிப்ற்றில் ஏறச் சொன்னேன். இலக்கத் தராசு வேண்டாம், அது ஒரு எண்ணைக் காட்டிவிட்டு அப்படியே நின்றுவிடும். மகள் தராசில் நிற்கட்டும், அப்பா முள்ளைப் பார்த்து எழுதட்டும். ஆர்முடுகலோ முடுக்கமோ, அந்த எண்களிலிருந்து இருவரும் சேர்ந்து கணிக்கலாம்.